திக்கும் வட்டு

பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

ஹார்ட் டிஸ்க் வட்டு முழுவதையும் பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கிப் பூட்டினால் ஒரு வீட்டுக் கணினி எவ்வளவு மெதுவாகும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் வித்தியாசமே தெரியாது என்கிறார். இன்னொருவர் வேகம் பாதியாகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறார். இருவரும் தத்தம் கணினியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கணினியைப் பற்றிப் பேசக்கூடியவள் நீ ஒருத்திதான். பூட்டியவள் நீ.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் சென்ற முறை யார் முதலில் போனை வைத்தது என்பதில் நமக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசணும்னா நடுவுல ஒரு அம்பயர் வைக்கணும்" என்கிறார் உன் அண்ணன். ஆகவே கடிதம்.

ஜனவரியில் நீ வந்தபோது பாதிதான் சொன்னேன். மீதியையும் சொல்லாமல் உன்னிடம் உதவி கேட்க முடியாது. குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிந்த அன்று அபாய மணி அடிக்கவில்லை. ஒரு பெண் இறந்தார். மணியை யார் அணைத்து வைத்தது என்பதுதான் விசாரணை அதிகாரி முன் உள்ள கேள்வி. அங்கே இன்னும் வேலை பார்க்கும் பதினொரு பெண்கள் தாங்கள் கண்டதை என்னிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவரின் மகள் என் புள்ளியியல் வகுப்பில் படிக்கிறாள். அப்படித்தான் என்னிடம் வந்தார்கள். நான் பதிவு செய்தேன். அதிகாரி மட்டும் கேட்பார், நிர்வாகத்துக்குப் பெயர் போகாது என்று ஏற்பாடு.

இரண்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதிவு ஒரே பிரதியாக, பூட்டிய ஒரே இடத்தில் இருக்கும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பேச்சைத் தானே முழுவதும் கேட்பார். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழிப்பேன்.

நீ பூட்டிவிட்டுப் போனதிலிருந்து கணினி விழிப்பதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். அதை நான் பொறுத்துக்கொள்வேன். கல்லூரியில் எத்தனை துறைத் தலைவர்களைப் பொறுத்துக்கொண்டவள். ஆனால் ஒலிப்பதிவுகள் திக்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை எடைக்காரம்மா வந்திருந்தார். அந்தப் பதினொருவரில் ஒருவர், கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். மணியின் சுவிட்சை அணைத்த கையை நேரில் கண்டவர் அவர் ஒருவரே. சிறிது நேரம் கேட்டவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"டீச்சர், இது யாரு?"

"நீங்கதான்."

"நான் திக்கிப் பேச மாட்டேன். என் வாய் நிக்காதுன்னுதான் எங்க வீட்ல புகாரே. நடுவுல நடுவுல வெட்டியிருக்கீங்க."

வெட்டவில்லை, கணினி மெதுவாக இருக்கிறது என்றேன்.

"மெதுவா இருந்தா மெதுவா வரணும். வார்த்தை எப்படிம்மா காணாமப் போகும்? அதுவும் அந்த ஆளு பேரைச் சொன்ன இடத்துலயே?"

திக்காமல் கேட்டால்தான் சம்மதம், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அவர் இல்லாவிட்டால் மீதிப் பத்தும் வெறும் புகார்.

விசாரணை 27ஆம் தேதி. "பூட்டை எடுத்துத் தொலைச்சிடு" என்கிறார் உன் அண்ணன். எடுத்தால் முதல் வாக்கு போகும், எடுக்காவிட்டால் எடைக்காரம்மா போவார். மெதுவானதற்குக் காரணம் பூட்டுதானா என்பதை மட்டும் சொல்.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணி,

கவரை ஒட்டி, அதுக்கு மேல டேப் போட்டு, டேப் மேல கையெழுத்தும் போட்டிருந்தீங்க. நான் கத்திரிக்கோலைத் தேடி எடுக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர், "உங்க அண்ணி தங்கம் அனுப்பியிருக்காங்களா?"ன்னு கேட்டுட்டாரு.

நேரா பதிலுக்கு வரேன். பூட்டினதால அவ்வளவு மெதுவாகாது. டிஸ்க்ல இருந்து எடுக்கும்போது பூட்டைத் திறந்து கொடுக்கணும், எழுதும்போது பூட்டி எழுதணும். அந்தக் கணக்கைப் போடறது ப்ராசஸர். உங்க மெஷின் ப்ராசஸர்ல அதுக்குன்னே தனி வசதி இருக்கு, பார்த்துட்டுத்தான் போட்டேன். டிஸ்க் தட்டு சுத்தி நிக்கற நேரத்துக்குள்ள ப்ராசஸர் இந்த வேலையை முடிச்சிட்டு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். எங்க ஆஸ்பத்திரியில எல்லாக் கம்ப்யூட்டரையும் நான்தான் பூட்டினேன். ஒரு டாக்டர்கூட மெதுவா இருக்குன்னு வந்து நிக்கலை. டாக்டருங்க குறை சொல்லக் கூச்சப்படறவங்க இல்லை.

அதனால வேற ஏதோ இருக்கு. டிஸ்க் போகப் போகுதோ என்னவோ. அந்தப் பதிவுகளை வேற ஒரு டிஸ்க்குக்கு மாத்திப் போட்டுக் கேட்டுப் பாருங்க. அங்கயும் திக்குதுன்னா பதிவுலயே கோளாறு. திக்கலைன்னா டிஸ்க்.

இப்ப நான் கேட்க வேண்டியது. ஜனவரியில பாஸ்வேர்ட் போடற நேரத்துல, "பாப்பா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாரு"ன்னீங்க. பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில ஒருத்தர் போர்வை உதறிட்டிருந்தாரு. அவர் உதறி, மடிச்சு, உள்ள போய் கதவையும் சாத்திட்டாரு, நீங்க இன்னும் அடிச்சிட்டிருந்தீங்க. நாற்பது வயசுல மூலையில நிறுத்தின பிள்ளை மாதிரி நின்னேன். பஸ் ஏறி வந்து, லீவு போட்டு, உங்களுக்காகச் செஞ்ச வேலை. எங்க வீட்டுக்காரர் அந்தக் கிடங்குக் கம்பெனியோட இந்த ஊர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கறாருங்கறது உண்மைதான். அதுக்காக நான் கம்பெனி ஆளா?

இதை போன்லதான் கேட்டேன். அப்பதான் நீங்க வெச்சீங்க. நீங்கதான் வெச்சீங்க.

பாப்பா


பிப்ரவரி 13

பாப்பாவுக்கு,

வேறொரு வட்டுக்கு மாற்றிப் போட்டுக் கேட்கச் சொல்கிறாய். அதற்குப் பெயர் பிரதி எடுப்பது. ஒரே பிரதி என்று நான் வாக்குக் கொடுத்திருப்பதை எழுதிய பிறகும் அதைத்தான் சொல்கிறாய். நீ யோசிக்காமல் சொல்லியிருக்கலாம். யோசித்தும் சொல்லியிருக்கலாம். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒன்று நடந்துவிட்டது. எடைக்காரம்மாவை மேலாளர் அறைக்கு அழைத்து, "காலேஜ் டீச்சர் வீட்டுக்கு எதுக்குப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "டியூஷன் சேர்ந்திருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லும்போது கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மறுநாளே அவரைத் தராசிலிருந்து மாற்றி, உறைநிலை அறைக்குள் பெட்டி அடுக்கப் போட்டுவிட்டார்கள். அவருடைய நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கிறது.

அவர் என் வீட்டுக்கு வந்தது மேலாளருக்கு எப்படித் தெரிந்தது? பதினொரு பெண்களுக்குத் தெரியும். எனக்கும் உன் அண்ணனுக்கும் தெரியும். நாலாம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு உனக்கும் தெரியும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நேராகக் கேட்கிறேன். பூட்டைத் தவிர வேறு எதையாவது அந்தக் கணினியில் வைத்தாயா? அது மெதுவாக ஓடுவது உள்ளே வேறொருவர் வேலை செய்துகொண்டிருப்பதாலா? கேட்காமல் இருந்திருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மா இருமுவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. அதை நம்புவதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

இல்லை.

ஒரு சொல்லுல கேட்டீங்க, எழுதிட்டேன். இனிமே எழுதறது என் திருப்திக்கு.

உங்க கடிதத்தை எங்க வீட்டுக்காரர் கையில கொடுத்துட்டேன். மறைக்க எனக்கு ஒண்ணும் இல்லை. முழுசும் படிச்சாரு. மடிச்சு வெச்சிட்டு, "உங்க அண்ணி கேட்டதுல தப்பில்லை. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்"னாரு. எனக்கு உங்க மேல வந்த கோபத்தைவிட அவர் மேலதான் அதிகமா வந்துச்சு. ஆபீஸ்ல இவரையும் கேட்டாங்களாம், "உங்க மச்சான் வீட்ல என்ன நடக்குது?"ன்னு. "எங்க வீட்ல அண்ணி பேச்சை எடுத்தா எனக்குச் சாப்பாடு கிடையாது, எனக்கென்ன சார் தெரியும்?"னு சொல்லிட்டு வந்தாராம். அப்ப எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டா, "நீ அழுவே"ன்னாரு. இதுதான் நீங்க சந்தேகப்படற கம்பெனி ஆளு. மூணு நாளா சரியாத் தூங்கலை அந்த மனுஷன்.

மேலாளருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. தெருவுல நடந்து வர்ற பொம்பளையை யாரும் பார்க்கலாம். வாட்ச்மேன் பார்த்திருக்கலாம். இதுக்கு டிஸ்க்குக்குள்ள புகுந்து வரணும்னு அவசியமில்லை.

இனிமே உங்க கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன். ஆனா போன தடவை கேட்க மறந்த ஒரு கேள்வி நேத்து பாத்திரம் கழுவும்போது ஞாபகம் வந்துச்சு. நான் கிளம்பும்போது செருப்பு போட்டுக்கிட்டே சொன்னேன், "அண்ணி, பூட்டி முடியற வரைக்கும் அணைக்காதீங்க"ன்னு. நாம பேசற நிலைமையில இல்லை, உங்க காதுல விழுந்துச்சோ இல்லையோ. பூட்டுங்கறது ஒரு நொடியில விழறது இல்லை. ஏற்கெனவே டிஸ்க்ல இருக்கற ஒவ்வொண்ணையும் எடுத்து, பூட்டி, திரும்ப அதே இடத்துல வைக்கணும். பெரிய டிஸ்க், பழைய டிஸ்க். நாள் கணக்குல விடாம ஓடணும். நடுவுல அணைச்சா விட்ட இடத்துல நிக்கும், மறுபடி போட்டா அங்கிருந்து ஆரம்பிக்கும்.

டிஸ்க்ல படிக்கற முனை ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் நிக்கும் அண்ணி. ஒரு பக்கம் அது பூட்டற வேலைக்கு ஓடுது, இன்னொரு பக்கம் நீங்க ஒரு குரலைக் கேட்கறீங்க, அதுக்கும் ஓடி வரணும். மாமியார் சமையலறையில கூப்பிட, புருஷன் வாசல்ல கூப்பிட, நடுவுல ஓடற மருமக மாதிரி. எதையாவது கீழ போடத்தான் செய்யும்.

பூட்டு போட்ட அதே பக்கத்தைத் திறந்து பாருங்க. முடிஞ்சுதுன்னு இருக்கா, சதவீதம் ஏதாவது இருக்கா? சதவீதம் இருந்தா எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கே புரியும்.

பாப்பா


பிப்ரவரி 21

பாப்பாவுக்கு,

அறுபத்து மூன்று.

என் பழக்கம் உனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் கணினியை அணைப்பேன், சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பேன், ப்ளக்கையும் பிடுங்கிவிடுவேன். அந்தக் குரல்கள் இருக்கும் பெட்டி, ஆளில்லாத அறையில் மின்சாரத்தோடு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போடுவேன். அந்த ஒரு மணி நேரம்தான் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டும். அதே நேரத்தில்தான் நான் அதைப் பாடச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்டதால் பூட்டியாயிற்று என்று நம்பியிருந்தேன். வாசலில் காவலாளி நின்று கேள்வி கேட்பதைப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சுவர் கட்டி முடிந்ததா என்று போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள். இதே தவறைத் தேர்வுத்தாளில் செய்யும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

நீ வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. "முடிகிற வரைக்கும்" என்பதை அன்றைய வேலை முடிகிற வரைக்கும் என்று எடுத்துக்கொண்டேன். விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்கும் மனநிலையில் இல்லை.

ஆக, ஜனவரி முதல் இன்றுவரை அந்த வட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்து கிடந்திருக்கிறது. யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பங்கை வேறொரு கணினியில் மாட்டிப் படித்திருக்கலாம். யாருடைய குரல்கள் அந்தப் பங்கில் இருந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமை காலையிலிருந்து அணைக்காமல் விட்டிருக்கிறேன். நான் கல்லூரிக்குப் போகும் நேரம் உன் அண்ணன் லீவு போட்டுவிட்டு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். "பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு" என்கிறார். நேற்று எண்பத்தொன்று. இன்று தொண்ணூற்று நான்கு.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதச் சொன்னார் உன் அண்ணன். எழுதுவதானால் அவர் சொல்லி எழுத மாட்டேன். உன்னிடம் கேட்டது தவறான கேள்வி. அதை உன் கணவர் படித்தார் என்பதுதான் இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்: தூங்கட்டும்.

இப்போது வேறொரு கேள்வி. பூட்டி முடிந்துவிடும், பதிவு திக்காமல் ஓடிவிடும். நடந்ததை அந்தப் பெண்களிடம் சொல்வதா?

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

சொல்லாதீங்க.

யாரும் திருடலை, யாரும் கேட்கலை, இப்ப பூட்டியாச்சு. சொன்னா பாதிப் பேரு எழுந்து போயிடுவாங்க. எடைக்காரம்மாவே போயிடலாம். அப்புறம் அந்த மணியை அணைச்ச ஆளு கையை வீசிக்கிட்டு வெளிய வருவான். செத்துப்போன பொண்ணுக்கு நீங்க உண்மையைச் சொன்னதால என்ன கிடைக்கப் போகுது? உங்க மனசு சுத்தமாகறதுக்கு அவங்க கேஸைக் கொடுக்காதீங்க. கோபத்துல சொல்லலை. கோபம் இருக்கு, அது தனி.

எங்க வீட்டுக்காரர் இதுக்கு நேர்மாறா சொல்றாரு. அவர் பேச்சைக் கேட்காதீங்க. அவரு தூங்க ஆரம்பிச்சதுல இருந்து ரொம்ப தைரியமாப் பேசறாரு.

முடிஞ்சதும் எப்படி ஓடுதுன்னு மட்டும் எழுதுங்க.

பாப்பா


பிப்ரவரி 26

பாப்பாவுக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. வட்டு சனிக்கிழமை மாலையே பூட்டி முடிந்துவிட்டது. எடைக்காரம்மாவின் பதிவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூட விழவில்லை. உண்மையில் அவர் மூச்சு விடாமல் பேசுகிறவர்தான்.

பூட்டுவதற்கு முன்பு இருந்த வேகம் இப்போது இருக்கிறதா என்றால், சொல்ல முடியாது. முன்பு நான் அளக்கவில்லை. சற்று மெதுவாக இருப்பதுபோல் தோன்றுகிறது, ஆனால் மெதுவாக இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவளுக்குத் தோன்றுவதை நான் நம்ப மாட்டேன். என் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டது.

நீ எழுதியதைப் பலமுறை யோசித்தேன். அதில் பிழை எதுவும் தெரியவில்லை. சொன்னால் வழக்கு கெடலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளை காலை அவர்கள் என் எதிரே உட்கார்ந்து, "பத்திரமா இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். சாதாரணமாகக் கேட்பார்கள், தண்ணீர் கேட்பதைப் போல. அதற்கு என்ன சொல்வேன் என்று இதை எழுதும்போது எனக்கே தெரியவில்லை. தூங்கி எழுந்தால் தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

உன் அண்ணன் தன் கருத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். "நான் வார்டு வாசலோட சரி" என்கிறார்.

27, மாலை

மேலே உள்ளதை நேற்று தபாலில் சேர்க்கவில்லை. திருத்தாமல் கீழே தொடர்கிறேன்.

காலையில் ஒன்பது பேர் வந்தார்கள். வராத இருவரின் பதிவுகளை ஒப்படைக்கப்போவதில்லை. அவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்து, முகம் பார்த்த பிறகு என்னால் முடிந்திருக்காது. பூட்டு என்று நான் சொன்னது இத்தனை வாரமும் முழுப் பூட்டாக இல்லை, அதற்குக் காரணம் என் கை, யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் கேட்கவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. இவ்வளவுதான் சொன்னேன்.

பொதி கட்டுபவர், "அப்ப இத்தனை நாளா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருக்கோம்" என்றார். தன் பதிவை அழிக்கச் சொன்னார். அழித்துக் காட்டினேன். வேறு இரண்டு பேரும் அழிக்கச் சொன்னார்கள். என் மாணவியின் அம்மா அவர்களில் ஒருவர். மூவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். ஐந்து பேர் கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். அதில் இருவர் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

எடைக்காரம்மா கடைசியாக உட்கார்ந்தார். முழுவதையும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. இடையில் இருமல் வந்தபோது நிறுத்தச் சொன்னார், பிறகு விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது நான்தான்."

"சம்மதமா?"

"அழிச்சிடுங்க டீச்சர்."

காரணம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால் கேட்கவில்லை. அழித்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆபீசர் எத்தனை மணிக்கு உட்காருவாரு?" என்றார்.

மதியத்துக்கு மேல் என்றேன்.

"வெட்டினீங்களா வெட்டலையான்னு மனசுக்குள்ளயே ஓட்டி ஓட்டிப் பார்த்ததுல எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. நானே போய்ச் சொல்லிடறேன். உறைநிலை அறையிலதான் போட்டுட்டானுங்க, அதுக்கு மேல எங்க போடுவானுங்க?"

உன் அண்ணன்தான் எங்களை வண்டியில் கூட்டிப்போனார். விசாரணை அறையில் நீளமான மேசை, மின்விசிறி, பின்னால் ஐந்தாறு வரிசை நாற்காலிகள். நிர்வாகத்தின் ஆட்கள் முன்பே வந்திருந்தார்கள். ஐந்து பதிவுகளை அதிகாரியிடம் ஒப்படைத்தேன். பிறகு எடைக்காரம்மா எழுந்து மேசைக்கு முன்னால் போனார். பெயர் சொல்லத் தேவையில்லை, எடைப் பிரிவு ஊழியர் என்று குறித்துக்கொள்வதாக அதிகாரி சொன்னார். எழுத்தரும் அப்படியே எழுதத் தொடங்கினார்.

"இல்லை சார், எழுதிக்குங்க" என்று தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னார். எழுத்தர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிறகு மணியை அணைத்தவரின் பெயரைச் சொன்னார். அந்த ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி